எம்பத்தொன்னு என்னுது

ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கிட்டேன்னு தப்பா நினைக்காதம்மா. காத்துக்காகக் கேக்கல. எனக்கு போர்டு தெரியணும். ஊர் பேரு போட்டு கிலோமீட்டர் எழுதியிருப்பாங்கல்ல, பச்சை போர்டு, அதைச் சொல்றேன். அதைப் பாக்காம ஒரு மணி நேரம் பஸ்ல உக்காந்தா எனக்கு என்னமோ செய்யும். உன்னை நீன்னு சொல்லலாம்ல? என் மக வயசுதான் இருப்ப.

அந்தா வருது பாரு. நாலு, பதினாலு, அம்பத்தாறு. நாலு பதினாலு அம்பத்தாறு. பாத்தியா? எவனோ தூரத்தை அளந்து எழுதிட்டுப் போயிட்டான். தான் ஒரு வாய்ப்பாட்டை எழுதிட்டோம்னு அவனுக்கே தெரியாது.

இது என் கண்டுபிடிப்பு. நல்லா கேட்டுக்க, என்னுது. என் பேரு பாக்கியத்தாய். தையல் டீச்சர். எப்சிபா டீச்சர்னு ஒருத்தங்க கண்டுபிடிச்சதுன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு. நீ எங்கயாச்சும் படிச்சிருந்தா அதை அழிச்சிடு.

தையல் டீச்சருக்குக் கணக்கு எங்க வரும்னுதானே எல்லாரும் நினைக்கறது. முப்பத்தாறு மார்பளவுன்னா நாலுல ஒரு பங்கு ஒம்போது, தையலுக்கு ஒன்றரை விடணும், கையாழம் ஏழரை, இதெல்லாம் நான் பேனா எடுக்காமச் சொல்லுவேன். நம்பர் எனக்குத் துணி மாதிரி. எங்க வெட்டினா எதோட சேரும்னு கைக்குத் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு மேல நல்லாம்பட்டி ஸ்கூல்ல இருந்தேன். எங்க டவுன்ல இருந்து ஒரு மணி பத்து நிமிஷம். காலையில எட்டு அஞ்சு வண்டி. நான் போய்ச் சேர்ந்த ரெண்டாவது மாசம் எப்சிபா கணக்கு டீச்சரா வந்தாங்க. அதே டவுன், அதே வண்டி. அவங்க வீட்டுக்காரர் தவறி அப்ப மூணு மாசந்தான் ஆயிருந்துச்சு. ஜன்னல் ஓரமா உக்காந்து சத்தமில்லாம அழுவாங்க. கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கும், துடைக்கக்கூட மாட்டாங்க. எனக்கு ஆறுதல் சொல்ல வராதும்மா. என்ன சொன்னாலும் தப்பா வந்துரும். ஒரு வாரம் பாத்தேன். அப்பறம் ஒரு நாள் பொறுக்க முடியாம வெளிய கையக் காட்டி, டீச்சர், அந்த போர்டுல மூணு, பன்னெண்டு, முப்பத்தாறுன்னு போட்டிருக்கு, உங்களுக்கு என்ன தெரியுதுன்னு கேட்டேன். பாத்தாங்க. மூணு பன்னெண்டு முப்பத்தாறுன்னாங்க. முந்தானையால மூக்கைத் துடைச்சாங்க. அடுத்த போர்டு எங்க வரும்னு கேட்டாங்க.

ஆரம்பிச்சது யாரு? நான்.

சட்டமும் நான் போட்டதுதான். போர்டுல இருக்கற நம்பரை இருக்கற வரிசையில எடுக்கணும். ஒன்னையும் விடக்கூடாது, ரெண்டு தடவை எடுக்கவும் கூடாது. வெளிய இருந்து ஒரு நம்பரையும் உள்ள கொண்டு வரக்கூடாது. கூட்டு, கழி, பெருக்கு, வகு, என்ன வேணும்னாலும் பண்ணு. கிலோமீட்டர் கல்லுல ஒரே நம்பர்தானே இருக்கும், அதுக்குத் தனிச் சட்டம். அந்த ரெண்டு இலக்கத்தை வச்சே, எத்தனை தடவை வேணும்னாலும் எடுத்து, அந்த நம்பரையே கொண்டு வரணும்.

ஒரு திருப்பத்துல ஏழு, இருபத்துநாலு, இருபத்தஞ்சுன்னு ஒரு போர்டு. நான் ஒரு மாசம் அதோட மல்லுக்கு நின்னேன், வரல. அவங்க ஒரு நாள் சாவகாசமாச் சொல்றாங்க. ஏழை ஏழால பெருக்கு, நாப்பத்தொம்போது. இருபத்துநாலை இருபத்துநாலால பெருக்கு, ஐநூத்தி எழுபத்தாறு. ரெண்டையும் கூட்டினா அறுநூத்தி இருபத்தஞ்சு, அது இருபத்தஞ்சு இருபத்தஞ்சு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரே நம்பரை ரெண்டு தடவை எடுத்தது, அதுவும் புத்தகத்துல இருந்து வந்தது. முக்கோணம், கர்ணம்னு என்னவோ சொன்னாங்க. பஸ்ல உக்காந்து கண்டுபிடிச்சது இல்ல. மனசுல வச்சுக்கிட்டேன்.

ஆனா எம்பத்தொன்னு என்னுது. ஸ்கூல்ல இருந்து அரை கிலோமீட்டர்ல ஒரு கல்லு, எம்பத்தொன்னு. எட்டும் ஒன்னும் ஒம்போது. ஒம்போது ஒம்போது எம்பத்தொன்னு. பஸ் அந்தக் கல்லைத் தாண்டறதுக்குள்ள சொன்னேன். எப்சிபா என் கையப் பிடிச்சுக்கிட்டு, டீச்சர், இது ரொம்ப அழகா இருக்குன்னாங்க. வார்த்தைக்கு வார்த்தை அதுதான் சொன்னாங்க.

இப்படிப் பதினோரு வருஷம். எப்சிபா மக கல்யாணத்தன்னைக்குக்கூட, மண்டபத்து வாசல்ல நின்ன கார் நம்பர் பிளேட்டை என்கிட்டக் காட்டினவங்கதான்.

அப்பறம்தான் விருது. பாடத்தைப் புது விதமா நடத்தற டீச்சருக்கு மாவட்ட அளவுல ஏதோ விருது குடுக்கறாங்கன்னு ஹெட்மாஸ்டர் கோமதிநாயகம் சார் சொன்னாரு. எப்சிபா இந்த விளையாட்டையே பிள்ளைங்களை வச்சு 'சாலைக் கணக்கு'ன்னு பண்ணிக்கிட்டிருந்தாங்க. விண்ணப்பத்தைப் பஸ்லயே வச்சு நிரப்பினாங்க. நிரப்பும்போது என்கிட்டக் கேட்டாங்க, நம்ம ரெண்டு பேர் பேரும் போட்டுருவோமா டீச்சர்னு. நான் எனக்கெதுக்கு டீச்சர்னு சொன்னேன்.

அவ்வளவுதான். விட்டுட்டா. ஒரே ஒரு தடவை கேட்டா. ஒருத்தி வேண்டாம்னா அது வேண்டாம்னு அர்த்தமா? நீயே சொல்லு. வீட்டுக்கு வந்தவங்க காபி வேண்டாம்னா விட்டுருவோமா? ரெண்டாவது தடவை கேட்டிருந்தா யோசிக்கலாம்னு சொல்லியிருப்பேன். மூணாவது தடவைக்குச் சரின்னுருப்பேன். மூடியைப் போட்டுப் பேனாவைப் பைக்குள்ள வச்சுட்டா.

விருது அவளுக்குன்னு அறிவிச்சாங்க. பேப்பர்ல போட்டோ. போர்டுக்குக் கீழ பிள்ளைங்க நிக்க, நடுவுல அவ. உள்ள ஒரு வரி, 'தோழி ஒருவருடன் பேருந்தில் செல்லும்போது இந்த எண்ணம் தோன்றியது.' தோழி ஒருவர். பேரு குடுத்தேன் டீச்சர், பேப்பர்காரங்க எடுத்துட்டாங்கன்னு சொன்னா. இருக்கலாம். ஆனா அவ பேரை மட்டும் எடுக்கலையே.

அதுக்கு மேல ஒரு கூத்து. விருது வாங்கப் போறதுக்கு ரவிக்கை தச்சுக் குடுங்க டீச்சர்னு என்கிட்டயே துணியக் கொண்டு வந்தா. உங்க கையால தச்சதைத்தான் போட்டுக்கணும்னு ஆசைன்னா. தச்சேன். கக்கத்துல ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்சு குறைச்சுத் தச்சேன். நானும் விழாவுக்குப் போயிருந்தேன். மேடையில கையத் தூக்கி வணக்கம் போட முடியல அவளால. முழங்கைய விலாவோட ஒட்ட வச்சு, கோழி மாதிரி நின்னா. எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் பஸ்ல, நான் குண்டாயிட்டேன் போல டீச்சர்னு சிரிச்சா. அதோட எனக்கு இருந்த சந்தோஷமும் போச்சு. வலிக்கவே இல்லேங்கறவங்கள என்ன செய்ய?

அப்பறம், மாவட்டத்துல இருந்து ஒரு பெரிய அதிகாரி பிள்ளைங்க எப்படிக் கணக்குப் போடறாங்கன்னு நேர்ல பாக்க வர்றாங்கன்னு சொன்னாங்க. நல்லா இருந்தா மாநில விருதுக்கு எழுதுவாங்களாம். லோக்கல் டிவிக்காரங்களும் வர்றாங்க. ஸ்கூல்ல இருந்து நடந்து போய் எம்பத்தொன்னாம் கல்லுகிட்ட நிக்கறதாத் திட்டம். என் கல்லு. என் வகுப்புக்குப் பக்கத்து அறையில பிள்ளைங்க கத்திக்கிட்டிருக்கும். எட்டும் ஒன்னும் ஒம்போது, ஒம்போது ஒம்போது எம்பத்தொன்னு. காலையில, மத்தியானம், சாயங்காலம். நான் தையல் மிஷினை வேகமா மிதிச்சாலும் கேக்கும்.

அப்பத்தான் தோணுச்சு. கல்லு மாறிட்டா?

ஒன்னை ஒம்போதாக்கறது லேசு. மேல இடது பக்கம் ஒரு வளையம் போட்டாப் போதும். எம்பத்தொன்னு எம்பத்தொம்போது ஆயிடும். எம்பத்தொம்போது உதவாத நம்பர். அதே ரோட்டுல நிஜ எம்பத்தொம்போதாம் கல்லு ஒன்னு இருக்கு, அவளும் நானும் வருஷக்கணக்கா முட்டிப் பாத்துட்டு, இது தேறாதுன்னு கைவிட்ட கல்லு. எதாலயும் வகுபடாது. பிள்ளைங்க கல்லைப் பாக்காம ஒப்பிக்கும், இல்ல பாத்துட்டு முழிக்கும். எப்படியானாலும் மனப்பாடம்னு வெளுத்துரும்.

அன்னைக்கு முதல் வண்டியைப் பிடிச்சேன். ஆறேகாலுக்கு இறங்கி, கல்லு முன்னாடி குடையை விரிச்சு வச்சுட்டு, செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரி உக்காந்தேன். துணிக்கு அடிக்கற கறுப்பு பெயின்ட், நாலாம் நம்பர் பிரஷ். பால்காரர் சித்திரைவேல் சைக்கிளை நிறுத்தி, என்ன டீச்சர்னாரு. எழுத்து மங்கிருச்சு, அதிகாரிங்க வர்றாங்கன்னேன். நல்ல காரியம்னு சொல்லிட்டுப் போனாரு. ரொம்ப நல்ல ஒம்போதும்மா அது. அவ்வளவு உருண்டையா நான் காகிதத்துலகூட எழுதினதில்ல.

எட்டு அஞ்சு வண்டியில வந்த எப்சிபா அன்னைக்கு இருந்த பரபரப்புல கல்லைக் கவனிக்கல போல. பத்து மணிக்கு ஊர்வலம் மாதிரிப் போனாங்க. முன்னாடி அந்த அதிகாரி அம்மா, கோமதிநாயகம் சார், கேமராக்காரர், அப்பறம் எப்சிபா, நாப்பது பிள்ளைங்க. நான் தண்ணிக் குடத்தோட கடைசியில. கல்லு தெரிஞ்சதும் பிள்ளைங்க ஆரம்பிச்சுட்டாங்க. எட்டும் ஒன்னும் ஒம்போ... அதோட நின்னுருச்சு. ஒவ்வொரு வாயா மூடுது. கேமரா ஓடிக்கிட்டிருக்கு. அதிகாரி அம்மா கல்லைப் பாக்கறாங்க, பிள்ளைங்களைப் பாக்கறாங்க. எப்சிபா முகத்துல ரத்தமே இல்ல.

ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை இப்ப நினைச்சாலும் எனக்கு வயிறு குளுகுளுன்னு இருக்கும்.

எப்சிபா குனிஞ்சு அந்த வளையத்தைத் தொட்டா. பெயின்ட் முழுசாக் காயல. விரல்ல கறுப்பு ஒட்டுச்சு. விரலைப் பாத்தா. நிமிர்ந்து, நாப்பது பிள்ளைங்க தலைக்கு மேல, நேரா என்னைப் பாத்தா.

அப்பத்தான் அந்தப் பிள்ளை பேசுச்சு. சுடர்க்கொடின்னு எட்டாம் வகுப்புப் பிள்ளை, ஒல்லியா, கடைசி பெஞ்சு. அது கல்லையே பாத்துக்கிட்டு, தனக்குத்தானே சொல்ற மாதிரி, "எட்டு ஒம்போது எழுவத்திரெண்டு. எட்டும் ஒம்போதும் பதினேழு. எழுவத்திரெண்டும் பதினேழும் எம்பத்தொம்போது டீச்சர்"னுச்சு.

போட்டுப் பாரு. சரியா வரும். இன்னொரு பிள்ளை எழுபத்தொம்போதுக்கும் இப்படியே வருதுன்னுச்சு. இன்னொன்னு அறுபத்தொம்போதுன்னுச்சு. ரோட்டுல உக்காந்து மண்ணுல குச்சியால எழுத ஆரம்பிச்சுட்டாங்க. அதிகாரி அம்மாவும் கூடவே உக்காந்துட்டாங்க, பட்டுச்சேலையோட. நான் குடத்தை வச்சுக்கிட்டு நிக்கறேன். வருஷக்கணக்கா எனக்கு வராதது அந்தப் பிள்ளைக்கு ஒரு நிமிஷத்துல வந்துருச்சு.

கோமதிநாயகம் சாருக்குத்தான் வேர்த்துருச்சு. அவருக்குக் கல்லு தெரியும், தினமும் பாக்கறாரு. கிலோமீட்டர் கல்லுல கை வைக்கறது குத்தம், யாரு மாத்தினாங்கன்னு கேட்டாரு. கேட்டது எல்லாருக்கும் கேட்டுச்சு. அப்ப எப்சிபா சொல்றா, நான்தான் சார் மாத்தினேன். பிள்ளைங்க மனப்பாடம் பண்ணியிருக்காங்களா, யோசிக்கறாங்களான்னு பாக்க. முன்னாடியே கேக்காதது தப்புத்தான், இன்னைக்கே துடைச்சுடறேன்.

அதிகாரி அம்மா எந்திரிச்சுக் கை தட்டினாங்க. இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு டீச்சரைப் பாத்ததில்லைன்னாங்க. மாநில விருதுக்கு அவங்களே எழுதறேன்னாங்க.

புரியுதா உனக்கு? முதல்ல என் விளையாட்டை எடுத்துக்கிட்டா. அப்பறம் என் கல்லை. இப்ப நான் பண்ணின தப்பையும் எடுத்துக்கிட்டா.

சாயங்காலம் பஸ்ல வழக்கம் போல பக்கத்துல வந்து உக்காந்தா. பையில ஒரு சின்ன பாட்டில்ல மண்ணெண்ணெய், பழைய துணி. கல்லைத் துடைச்சுட்டு வந்திருக்கா. அப்பறம் மெதுவா, "ஒன்னும் ஆகல டீச்சர். நான் பாத்துக்கிட்டேன்"னா.

"உங்கள யாரு பாத்துக்கச் சொன்னா? அது நான் பண்ணது."

"தெரியும். ஆனா உங்க வேலைக்கே வந்துருமே."

"வரட்டுமே. அதுவாச்சும் என் பேர்ல இருந்திருக்கும்."

அவ இறங்கும்போது என் பையையும் சேத்துத் தூக்கினா. நான் பிடுங்கிக்கிட்டேன்.

மறுநாளே கோமதிநாயகம் சார்கிட்டப் போய், கல்லை மாத்தினது நான்தான் சார்னேன். அவர் சிரிச்சாரு. எப்சிபா டீச்சருக்கு நல்ல பேர் வர்றது உங்களுக்கு இவ்வளவு கஷ்டமா இருக்கா டீச்சர்னாரு. பாத்தியா, தப்பு பண்ணினேன்னு சொன்னாக்கூட நம்ப மாட்டேங்கறாங்க. அன்னைக்கே உக்காந்து மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். என்ன பெயின்ட், எத்தனையாம் நம்பர் பிரஷ், எத்தனை மணி, எல்லாம் போட்டு, சாட்சிக்குப் பால்காரர் சித்திரைவேல்னு எழுதிப் பதிவுத் தபால்ல அனுப்பினேன். விசாரணை வந்துச்சு. சித்திரைவேல் உள்ளதைச் சொன்னாரு. எனக்கு மெமோ.

அதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'தையல் ஆசிரியை திருமதி பாக்கியத்தாய் அவர்கள் 81 என்ற எண்ணை 89 எனத் தன் கைப்படத் திருத்தியது உறுதி செய்யப்பட்டுள்ளது.' என் பேரும் அந்தக் கல்லும் ஒரே காகிதத்துல, சீல் வச்சு. அதை நான் பிளாஸ்டிக் உறை போட்டு வச்சிருக்கேன். அவளுக்கும் விளக்கம் கேட்டு வந்துச்சு, பொய் சொன்னதுக்கு. மாநில விருது அத்தோட போச்சு. எனக்கு இந்தப் பக்கம் மாத்தல். பரவால்ல. கணக்கு நேராயிருச்சு.

பிள்ளைங்களை ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறதையும் நிறுத்திட்டாங்க. அதை நான் நினைச்சுப் பாக்கல. ஆனா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

நான் கிளம்பற அன்னைக்கு அந்தச் சுடர்க்கொடி வாசல்ல வந்து நின்னுச்சு. டீச்சர், எனக்கு அந்தக் கணக்கு வரணும்னுதான் நீங்க எம்பத்தொம்போதுன்னு போட்டீங்களான்னு கேட்டுச்சு. நான் ஆமான்னுட்டேன். பிள்ளை ஆசையாக் கேக்குது, வேற என்ன சொல்ல? போட்டது நான்தானே. அப்ப அந்த விடையிலயும் எனக்குப் பங்கு உண்டுதானே.

இங்க வந்து அஞ்சு மாசம் ஆச்சு. அவ நம்பரை நான் போன்ல அழிச்சிட்டேன். அழிச்சா என்ன, மனப்பாடமா இருக்கே. தினமும் காலையில எட்டு அஞ்சுக்கு வாட்ஸ்அப்ல ஒன்னு வரும். வணக்கம் கிடையாது, நலமா கிடையாது. மூணு நம்பர். அவ்வளவுதான். அந்த ரூட்ல போர்டு எல்லாம் புதுசா மாத்தறாங்க போல, ஒன்னொன்னா அனுப்பறா. நான் உடனே கண்டுபிடிச்சிடுவேன். ஆனா பதில் போட மாட்டேன். ரெண்டு நீல டிக் மட்டும் அவளுக்குத் தெரியும். நான் பாத்துட்டேன், விடையும் தெரியும், சொல்ல மாட்டேன். இதைவிட ஒருத்திக்கு வேற என்ன தண்டனை வேணும்?

இந்த வாரம்தான் ஒரு வேலை பண்ணிக்கிட்டிருக்கா. திங்கக்கிழமை ஆறு, பத்தொம்போது, நூத்திரெண்டுன்னு வந்துச்சு. நானும் திருப்பித் திருப்பிப் போடறேன், வரல. செவ்வாய்க்கிழமை அதே மூணு. புதன், அதே மூணு. இன்னைக்கும் அதேதான், இந்தா பாரு. நடுவுல பதினேழா இருக்கணும்மா. ஆறு பதினேழு நூத்திரெண்டு. இவ பத்தொம்போதுன்னு அனுப்பறா. கண்ணு தெரியாமப் பண்றாளா, வேணும்னே பண்றாளான்னு புரியல. அவ கணக்கு டீச்சர், அவளுக்கா தெரியாது? வேணும்னேதான் பண்றா. என் சட்டையப் பிடிச்சு இழுத்துப் பாக்கறா.

நாலு நாளாப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு விடப்போறதில்ல. கணக்கு டீச்சர் போட்ட தப்பைத் தையல் டீச்சர் திருத்தினான்னு அவ போன்லயே எழுத்துல கிடக்கட்டும். காலத்துக்கும் பாத்துக் குமையட்டும். நீ அந்தப் போனைக் கொஞ்சம் பிடி, பஸ் ஆடுது. ஒன்னு எங்க இருக்கு? சரி. ஏழு. அவ்வளவுதான், அனுப்பிடு. இல்ல இல்ல, பேரெல்லாம் போட வேண்டாம். யாருன்னு அவளுக்குத் தெரியும்.